பதினேழுக்கு மஞ்சள் மூடி

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெண்மணி. எதிரே, சாப்பாட்டு வண்டி தள்ளும் ட்ராலி அக்கா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார், இறக்குகிறார், மறுபடி ஏற்றுகிறார். தட்ட வேண்டிய பொத்தான் திரையின் கீழ் ஓரத்தில் இருக்கிறது. அக்காவின் விரலோ உச்சியிலேயே வட்டமிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் துறுதுறுத்தது. "அக்கா, கீழே..." என்று ஆரம்பித்தேன்.

"சார், மூச்!" என்றார் முக்காலியில் இருந்தவர், என் பக்கம் திரும்பாமலே. "நீங்க சொல்லிட்டா அவங்க தட்டிடுவாங்க. பொத்தானைத் தப்பான எடத்துல வெச்சிருக்கேன்னு அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

ஆறு நிமிடம் ஆயிற்று, அக்கா அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க. அந்த ஆறு நிமிடமும் இவர் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதறிக்கொண்டே எழுந்துபோய், சாமான் அறை மூட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழைய மடிக்கணினியைத் திறந்து பொத்தானை மேலே ஏற்றினார்.

இந்தப் பெண்மணி ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளச் சமையற்கூடத்தில் உணவு மேற்பார்வையாளர். எல்லாரும் கூப்பிடுவது 'டயட் மேடம்'. வயது நாற்பதுக்கு ஒன்று குறைவு. தன் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். கைப்பேசியைக் கண்ணாடித்தாள் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார், ஆவியும் எண்ணெயும் பிசுபிசுக்கிற இடமல்லவா. கணினிப் படிப்புப் படித்தவரில்லை. கணினிக் கம்பெனி வாசற்படியை மிதித்தவருமில்லை. அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே நின்றபடி, தனக்குத்தானே கோடிங் கற்றுக்கொண்டவர். அதுவும் எப்படி? புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்து அல்ல. குட்டிக் குட்டிச் செயலிகளாகச் செய்து, உடைத்து, மறுபடி செய்து.

முதல் செயலி முட்டைக்காக. பொத்தானைத் தட்டினால் ஒன்பது நிமிடம் கழித்து மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். "அதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு சார். மணி அடிச்சுது. ஆனா நிக்கல. அடிச்சுக்கிட்டே இருந்துது. மாஸ்டர் என் போனைத் தூக்கி மாவு டப்பாக்குள்ள போட்டு மூடிட்டாரு." மாஸ்டர் என்பவர் தலைமைச் சமையற்காரர். இவரைவிட இருபது வயது மூத்தவர். இவர் செய்கிற எதையும் முதலில் திட்டுவார், பிறகு பயன்படுத்துவார்.

எழுதினதில் தப்பிருந்தால் கணினி சிவப்பு எழுத்தில் எதையோ கக்குமே, நானாக இருந்தால் பட்டென்று மூடிவிட்டு எழுந்துபோய்விடுவேன். இவர் அதை வாய்விட்டுப் படிப்பார். மாமியாரிடமிருந்து வந்த கடிதத்தைப் படிக்கிற மாதிரி, வரிக்கு வரி பதில் சொல்லிக்கொண்டு. "நாப்பத்திரெண்டாவது வரில என்ன உங்களுக்கு? ஓ... ஆமா, நான்தான் மறந்துட்டேன். சரி சரி, கோவிச்சுக்காதீங்க." பக்கத்தில் நிற்பவர்கள் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் பயந்தார்களாம். இப்போது பழகிவிட்டது.

என்னை இவரிடம் அனுப்பியது என் பத்திரிகை ஆசிரியர். "புதுசா கோடிங் கத்துக்கறவங்களுக்குப் பத்து யோசனை வாங்கிட்டு வா" என்றார். கணினி என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிப்போகிற ஆள் நான். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். போய்க் கேட்டால், "பத்தெல்லாம் எங்கிட்ட இல்ல சார். ஒண்ணரை இருக்கு" என்கிறார்.

ஒன்று: "அகலக் கால் வைக்காதீங்க. ஒரே ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வேலை. அதைச் செய்யற மாதிரி சின்னதா ஒண்ணு கட்டி, அந்த ஆள் கையில குடுங்க." அரை: "குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டுப் பாருங்க." அது ஏன் அரை என்று கேட்டேன். "சொல்றது சுலபம். நானே பாதி தடவைதான் செய்றேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சனிக்கிழமை காலையில், இடைவேளை நேரத்தில், இவரைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். எக்ஸ்ரே அறைக் குமாஸ்தா, சலவைப் பிரிவு அம்மா, வாசல் செக்யூரிட்டி அண்ணன், இப்போது நானும். செக்யூரிட்டி அண்ணன் வந்த அன்றே ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே செயலி செய்யப்போவதாகச் சொன்னார். "முதல்ல உங்க கேட்டைப் பாருங்கண்ணே. வண்டி உள்ள வந்தா ஒண்ணு கூட்டுங்க, வெளிய போனா ஒண்ணு கழிங்க. போதும்" என்றார் இவர். ஒரு வாரத்தில் செய்துவிட்டார் மனிதர். முதல் நாள் மாலை பார்த்தால், வளாகத்துக்குள் மைனஸ் நாலு வண்டிகள் நிற்பதாகத் திரை சொல்கிறது! காலையில் அவர் எண்ண ஆரம்பிக்கும் முன்பே உள்ளே நாலு வண்டி நின்றிருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. டயட் மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீங்க வந்து நாற்காலில உக்காந்தப்புறம்தான் உலகமே ஆரம்பிச்சுதா அண்ணே?"

என் கதை அதைவிடக் கேவலம். ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா இல்லையா என்று காட்டுகிற ஒரு பொத்தான் செய்தேன். மனைவி கையில் கொடுத்துவிட்டு, சட்டப்படி என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தட்டினாள். 'சாப்பிட்டாச்சு' என்று வந்தது. மறுநாள் தட்டாமலே 'சாப்பிட்டாச்சு' என்றது. அதற்கு மறுநாளும் அதேதான். "ஆயுசு பூரா உங்களுக்கு ஒரே மாத்திரைதான் போலிருக்கு" என்றாள். விடிந்தால் புதுநாள் என்று செயலிக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும் என்கிற நினைப்பு.

இனிச் சொல்லப்போவது ஒரு புதன்கிழமை நடந்தது. அதற்கு முன் மூடிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சமையற்கூடத்திலிருந்து வார்டுக்குப் போகும் தட்டுகளுக்கு மூன்று நிற மூடி. வெள்ளை என்றால் சாதாரணச் சாப்பாடு. நீலம் உப்பில்லாதது. மஞ்சள் மசித்தது. மஞ்சள் விஷயத்தில் மட்டும் கீழே யாரும் விளையாட மாட்டார்கள். பக்கவாதத்தில் தொண்டை தன் வேலையை மறந்துபோனவர்களுக்கு அது. அவர்கள் வாயில் ஒரு துண்டு ரொட்டி போனால் போதும், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். இருமக்கூட முடியாது.

இன்னொன்று. சமையற்கூடத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, கட்டில் எண்தான் ஆள். 'பதினொண்ணுக்கு இன்னிக்குப் பசியில்ல.' 'இருபத்தெட்டு வீட்டுக்குப் போயாச்சு.' 'பதினேழு பேசாது, மஞ்சள்.' மரியாதைக் குறைவாக யாரும் சொல்வதில்லை. முந்நூறு பேருக்கு மூன்று வேளை சமைத்து அனுப்புகிறவர்கள் வேறு எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

யாருக்கு எந்த மூடி என்பது அதுவரை ஒரு நீளக் காகிதத்தில் இருந்தது. ஈரக் கை பட்டு ஊறி, குழம்பு சிந்தி, பென்சிலும் பேனாவுமாக அடித்துத் திருத்தி, பார்த்தாலே தலை சுற்றும். அதற்குப் பதிலாகத்தான் டயட் மேடம் தன் மூன்றாவது செயலியைச் செய்திருந்தார். காலை பத்து மணிக்குப் பட்டியலை ஏற்றுவார். ட்ராலி அக்கா கட்டில் எண்ணைத் தட்டினால் திரை முழுக்க அந்த மூடியின் நிறம் வரும். மூன்று வாரம் காகிதமும் செயலியும் கூடவே ஓடின. ஒரு தப்பும் வரவில்லை. பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி, அந்தப் புதன்கிழமையிலிருந்து மூன்றாம் தளத்து வார்டுக்கு மட்டும் காகிதத்தை நிறுத்தினார்கள். அதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. கரண்டியால் பாத்திர விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. பாத்துக்கோ."

"மூணு வாரம் பாத்தாச்சு மாஸ்டர். இனிமேலும் பாத்துக்கிட்டே இருந்தா நான் ரிடையர் ஆயிடுவேன்" என்றார் இவர். ஆனால் காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ட்ராலி அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருடமாக அந்தத் தள்ளுவண்டியைத் தள்ளுகிறவர். அவர் கிளம்பும்போது டயட் மேடம் கூடவே லிப்ட் வரை நடந்தார். "அக்கா, ஒண்ணே ஒண்ணு. திரையில என்ன வருதோ அதை மட்டும் செய்யுங்க. உங்க மூளையை நடுவுல கொண்டு வராதீங்க. சரியா?"

"நல்லதாப் போச்சு. அதுக்கு இன்னிக்கு லீவு" என்றார் அக்கா. சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். லிப்ட் மூடிக்கொண்டது.

பன்னிரண்டே காலுக்குச் சமையற்கூடத்துத் தொலைபேசி அடித்தது. டயட் மேடம் எடுத்தார். மேலேயிருந்து அக்காவின் குரல், நான் நின்ற இடத்துக்கே கேட்டது. "எல்லாருக்கும் குடுத்தாச்சும்மா. பதினேழு மட்டும் தகராறு பண்றாரு. மசிச்சது வேணாமாம். 'எனக்குப் பல்லு இல்லைன்னு எவன் சொன்னான்'னு கத்தறாரு."

டயட் மேடம் சிரிக்க வாயெடுத்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"யாரு கத்தறாங்க?"

"பதினேழும்மா."

"பதினேழு பேசவே மாட்டாரே அக்கா!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினேழாம் கட்டிலில் வேறு யாரோ இருக்கிறார்கள். அப்படியானால் நேற்று வரை அங்கே படுத்திருந்தவர் எங்கே? அவர் முன்னால் எந்த மூடி?

"அக்கா! ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது! எல்லாத் தட்டையும் எடுங்க, எடுங்க!" என்று கத்திவிட்டு ரிசீவரைத் தொங்கவிட்டு ஓடினார். லிப்டில் ஸ்ட்ரெச்சர் ஏறிக்கொண்டிருந்தது. படியைப் பிடித்தார். நானும் பின்னால் ஓடினேன். என் முழங்காலுக்கு மூன்று மாடி என்பது வருடக் கணக்கு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் செருப்பு ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு ஏறினேன்.

வார்டு வாசலில் நான் கண்ட காட்சியை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். அக்கா சொன்னபடியேதான் செய்துகொண்டிருந்தார். எந்த வரிசையில் தட்டைக் கொடுத்தாரோ அதே வரிசையில், ஒன்றாம் கட்டிலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் கட்டில்காரர் தட்டை விடவில்லை. அவர் ஒரு பக்கம் இழுக்க, அக்கா ஒரு பக்கம் இழுக்க, "இது என்ன அநியாயம், குடுத்துட்டுப் பிடுங்கறீங்க!" என்று ஒரே கூச்சல். சிஸ்டர் கோடி அறையில் டாக்டர்களோடு இருந்தார். மீதிக் கட்டில்களில் ஆட்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டயட் மேடம் வார்டின் நடுவில் நின்று இங்கும் அங்கும் பார்த்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரைத் தேடுவது? ஒன்பது நாளாக அந்த மனிதருக்கு மசித்துக் கொடுத்திருக்கிறார், எத்தனை கரண்டி என்பது வரை தெரியும். ஆனால் முகத்தைப் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. பதினேழு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவர் வேறு ஆள்.

"இன்னிக்குக் கட்டில் மாத்தினது யாரை? யாராவது சொல்லுங்களேன்!" என்றார்.

பதினேழில் இருந்த தகராறுக்காரர்தான் பதில் சொன்னார். "எனக்கு முன்னாடி இருந்தவரையா? அவங்க வீட்டம்மா காத்து வரலைன்னாங்க. காலைல ஜன்னலோரம் கொண்டு போனாங்களே. அதோ, திரை போட்டிருக்கே, அங்க."

இருபத்துமூன்று. திரையை விலக்கினார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மடிமேசை மீது வெள்ளை மூடி திறந்து கிடந்தது. இடது கையில் பாதி ரொட்டி. மீதிப் பாதி வாயில். ஒன்பது நாள் கூழாகவே தின்றவருக்கு, கடித்துத் தின்ன ஒன்று கிடைத்திருக்கிறது. யார்தான் விடுவார்கள்? ஆனால் கண்கள் பிதுங்கி இவரைப் பார்த்தன. இருமல் இல்லை, சத்தமே இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"சிஸ்டர்!" என்று ஒரு கத்தல். அப்படி ஒரு குரல் இவருக்கு இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது. கட்டிலில் முழங்காலை ஊன்றி ஏறி, அந்த மனிதரின் மார்பைத் தன் கையில் தாங்கி முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஓங்கி அடித்தார். ஒன்று. இரண்டு. "அண்ணே, துப்பிடுங்க. அண்ணே!" மூன்று. சிஸ்டர் ஓடிவந்தார். நான்கு. நான் கையில் செருப்போடு நின்றேன், வேறென்ன செய்ய? ஐந்தாவது அடிக்கு நனைந்த ரொட்டி உருண்டை ஒன்று போர்வையில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த மூச்சு, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, உள்ளே போயிற்று. சிஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். டயட் மேடம் கட்டிலைவிட்டு இறங்கினார், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருந்து வாங்கக் கீழே போயிருந்த மனைவி அப்போதுதான் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று யாரும் மறைக்கவில்லை. இவரே சொன்னார், தரையில் இருந்தபடியே. அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "உன் போன்ல விளையாடறதுக்கு என் வீட்டுக்காரர்தானா கிடைச்சாரு?"



நடந்தது என்னவென்று பிற்பகலில் தெளிவாயிற்று. கட்டில் மாற்றம் அங்கே தினம், பட்டியல் ஏற்றிய பிறகும் நடக்கிற ஒன்று. காகிதம் இருந்த காலத்தில், மேலே போனதும் ட்ராலி அக்கா காதிலிருந்த பேனாவை எடுத்து, 'பதினேழு, இருபத்துமூணு' என்று ஒரு அம்புக்குறி கிழித்துவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. சோதனை ஓடிய மூன்று வாரமும் அவர் கையில் காகிதமும் இருந்ததால், அம்புக்குறியும் கூடவே ஓடியிருக்கிறது. செயலி தப்பாகச் சொன்ன இடமெல்லாம் காகிதம் திருத்தியிருக்கிறது. செயலிக்கு நல்ல பெயர்.

"புது மூஞ்சியா இருக்கேன்னு பாத்தேம்மா" என்றார் அக்கா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீதானே சொன்ன, மூளையைக் கொண்டு வராதேன்னு. அந்தப் பக்கம் திரை போட்டிருந்துது, தட்டை உள்ள தள்ளிட்டு வந்துட்டேன்."

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."

பெரிய டாக்டர் கூப்பிட்டு விசாரித்தார். கெட்டவர் இல்லை. வழி காட்டத்தான் பார்த்தார். தட்டைக் கொண்டுபோய் வைத்தவர் ஆளைப் பார்த்து வைத்திருக்க வேண்டாமா, கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் போகிறது என்றார். அக்காவுக்கு ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. டயட் மேடம் எழுந்து நின்றார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க வேணாம் சார். அவங்களுக்கு முப்பது வருஷ மூளை இருந்துது. அதை லிப்டுக்கு வெளிய வெச்சுட்டுப் போகச் சொன்னது நான். எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க." எழுதினார்கள். எச்சரிக்கைக் கடிதம். செயலியை அன்று சாயங்காலமே தன் கையாலேயே நிறுத்தினார். மாஸ்டர் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

சனிக்கிழமை வருவாரோ மாட்டாரோ என்று நாலு பேரும் காத்திருந்தோம். வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"கையைத் தொடைக்கு அடியில வெச்சுப் பாருங்கன்னு உங்களுக்கெல்லாம் பெருசா சொன்னேன். நானும் பாத்தேன், மூணு வாரம். எங்க பாத்தேன்? சமையல்கட்டுல. சாப்பிடறது மூணாவது மாடில. அங்க ஒரு நாளும் ஏறிப்போய் நிக்கல. படி ஏற சோம்பேறித்தனம். அவ்ளோதான், வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. நான் கட்டிலுக்குச் சாப்பாடு எழுதி வெச்சிருந்தேன். கட்டில் சாப்பிடாதுல்ல? ஆளுதானே சாப்பிடுவாரு. பத்து வருஷமா எண்ணைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகி, செயலிக்கும் அதையே சொல்லிக்கொடுத்துட்டேன்."

செக்யூரிட்டி அண்ணன்தான் மெல்லக் கேட்டார். "அப்ப இதெல்லாம் நமக்கு வேணாமா மேடம்? விட்டுடலாமா?"

"தெரியலண்ணே. நேத்து பூரா விட்டுடலாம்னுதான் இருந்தேன்" என்றார் இவர். "ஆனா அந்தக் காகிதத்துலயும் அக்காவோட அம்புக்குறிதான் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. எட்டு மாசத்துல அவங்க போயிடுவாங்க. அப்புறம்?" பிறகு எக்ஸ்ரே குமாஸ்தாவின் திரையைத் தன் பக்கம் திருப்பி, "உங்களோடது யாருக்கு? அவங்க எங்க உக்காந்து இதைப் பாப்பாங்க? அங்க போனீங்களா?" என்று கேட்டார். போகவில்லை என்றார் அவர். "அப்ப மூடுங்க. போயிட்டு வந்து திறங்க." நான் என் மாத்திரைச் செயலியைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை மூன்றாம் தளத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னார். செயலியை மாற்றி எழுதியிருந்தார். இப்போது அதில் கட்டில் எண் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. நோயாளியின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டையின் எண்தான் முதலில். அதற்குக் கீழே, திரையை நிறைத்துக்கொண்டு, பெயர். தட்டை வைப்பதற்கு முன் ட்ராலி அக்கா அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பேச முடியாதவராக இருந்தால் கைப்பட்டையைப் பார்க்க வேண்டும். காகிதம் இன்னும் ஆறு மாதத்துக்குக் கூடவே ஓடும். சிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு எதுவும். முப்பது பேர் பெயரையும் ஏற்ற வேண்டியிருந்தது. கீழே மதியச் சமையல் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

"எதுக்கு ஒவ்வொரு கட்டிலா அலையறீங்க? எல்லாப் பேரும் என் ஷீட்ல இருக்கு, பாத்து எழுதிக்கோங்க" என்றார் சிஸ்டர்.

"எழுதிக்கறேன் சிஸ்டர். ஒருத்தரை மட்டும் நேர்ல கேட்டுக்கறேன்."

ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். அந்த அம்மா இவரைக் கண்டதும் எழுந்தார். கையிலிருந்த கைப்பேசியைக் கண்டதும் முகம் சிவந்தது. "மறுபடியும் அதையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"ஆமாம்மா" என்றார் இவர். "அன்னிக்கு இவரைத் தேடி வந்தேன், யாருன்னு எனக்குத் தெரியல. அதான் கேட்டுட்டுப் போக வந்தேன்." பிறகு கட்டிலில் இருந்தவரைப் பார்த்து, "அண்ணே, உங்க பேரு என்ன?" என்றார்.

அந்த மனிதர் இவரை அடையாளம் கண்டுகொண்டார். வாய் திறந்தது. காற்று வந்தது, எழுத்து வரவில்லை. மனைவி பொறுக்க முடியாமல், "அவரால முடியாதுன்னு தெரியாதா? நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தார். கட்டிலில் இருந்தவர் இடது கையை உயர்த்தினார். அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். அவர் மறுபடி முயன்றார். ஏதோ ஒரு ஒலி, தொண்டையில் உருண்டு, கோணிய உதட்டு வழியாக வந்தது. டயட் மேடம் ஓர் எழுத்தைத் தட்டினார், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். தலை அசைந்தது, ஆம். இரண்டாவது எழுத்து. ஆம். மூன்றாவதற்கு இருவருக்கும் வியர்த்துவிட்டது. படியில் யாரோ ஓடி வந்து, "மேடம், மாஸ்டர் கூப்பிடறாரு, தட்டு போட ஆரம்பிச்சாச்சு" என்றார்கள். இவர் திரும்பவில்லை.

முழுப் பெயரும் வந்துவிட்டது. திரையைக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை இடமும் வலமுமாக அசைத்தார். கடைசி எழுத்து தப்பு. ஒரே ஓர் எழுத்துத்தான், விட்டிருந்தாலும் எல்லாருக்கும் புரிந்திருக்கும். டயட் மேடம் அதை அழித்தார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் காதை அவர் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அப்படியே நின்றார்.